ரெண்டு சுழியா, மூணு சுழியா?

தெருவில் எல்லோருக்கும் அவள் கத்திரிதான். நாக்கு கூர்மை என்பதால் வந்த பெயர் இல்லை. அப்படியும் பொருந்தும் என்று அவள் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லும்போது கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார். சிறு வயதிலிருந்தே அவள் கைக்குப் போன காகிதம் முழுசாகத் திரும்பி வந்ததில்லை. அண்ணனுடைய கணக்குப் பரீட்சைத் தாளை நட்சத்திரமாக வெட்டி ஜன்னலில் தொங்கவிட்டவள் அவள். அவன் வாங்கியிருந்த மார்க்குக்கு அந்தத் தாள் அதைவிட நல்ல கதிக்குப் போயிருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் சேர்ந்தாள். மடிப்பது, தைப்பது, ஓரம் நறுக்குவது. கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகள் கல்லூரிக்குப் போகிற வரை அதே மேசை, அதே பசை டப்பா. ஒருநாள் காலையில் சாப்பாட்டுப் பையோடு போனால், கேட்டில் பூட்டு தொங்கியது. சாவி வைத்திருப்பவர் இன்னும் வரவில்லை என்று நினைத்து வெகுநேரம் நின்றாள். எதிர்க்கடைக்காரர்தான் பாவம் பார்த்து, "அது இனிமே திறக்காதும்மா. எல்லாத்தையும் லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்க" என்றார். அவள் அச்சகப் படியிலேயே உட்கார்ந்து கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

"அங்கயே ஏன் சாப்பிட்ட?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"பையை நிறைச்சபடியே திருப்பிக் கொண்டுவந்தா, வேலை போனது நிஜமாயிடும்ல" என்றாள்.

அப்புறம் வந்ததுதான் அட்டை வெட்டுகிற மெஷின். அவள் வாங்கியதல்ல, மகள் ஆசைப்பட்டு வாங்கியது. ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். மகளுக்கு அவ்வளவுகூடத் தாங்கவில்லை. வெளியூரில் வேலை கிடைத்துப் போகும்போது அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனாள். கத்திரி அதை வெளியே இழுத்துத் துடைத்து, மகள் போனில் சொல்லச் சொல்ல, பாதி திட்டு வாங்கி, மீதி திட்டைத் திருப்பிக் கொடுத்து, ஒருவழியாக ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

வேலை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. கணினியில் படத்தையும் எழுத்தையும் அமைத்து அனுப்ப வேண்டும். பசை உள்ள ஒரு பிளாஸ்டிக் பாயில் கெட்டி அட்டையைப் பதித்து மெஷினுக்குள் விட்டால், அது பாயை உள்ளே இழுத்து வெளியே தள்ளி, முதலில் பேனாவால் எழுதும். பிறகு பேனா ஒதுங்கிக்கொள்ள, பிளேடு இறங்கி வெட்டும். முடிந்ததும் அவசரப்பட்டு அட்டையைப் பிடித்து இழுத்தால் சுருண்டுகொள்ளும். பாயைக் கவிழ்த்து, அட்டையை மேசையோடு அழுத்திக்கொண்டு, பாயைத்தான் உரிக்க வேண்டும். ஓட்டைகளில் சிக்கிய துணுக்குகளை ஊசியால் தட்டிவிட்டு ரிப்பன் கோத்தால், பரிசில் தொங்கவிடுகிற கிஃப்ட் டேக் தயார். மழைக்குக் குடை, வெயிலுக்குத் தொப்பி, குளிருக்குப் பனிப்பூ என்று பருவத்துக்கு ஒரு டேக். அட்டையில் 'கையால் செய்தது' என்று பின்பக்கம் ஒரு முத்திரையும் குத்துவாள்.

"மெஷின் வெட்டுறதை எப்படிக் கையால செஞ்சதுன்னு சொல்ற?" என்று வீட்டுக்காரர் ஒருமுறை வம்புக்கு இழுத்தார்.

"குக்கர்தான் வேகவைக்குது. நீங்க ஏன் என் கைப்பக்குவம்னு சொல்லிச் சாப்பிடுறீங்க?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் பெரிய ஆர்டர் ஒரு செருப்புக் கடையிலிருந்து வந்தது. 'மனமார்ந்த வாழ்த்துகள்' என்று போடச் சொன்னார்கள். கத்திரி 'மணமார்ந்த வாழ்த்துகள்' என்று போட்டுக் கொடுத்துவிட்டாள். செருப்புப் பெட்டியில் மணம் கமழும் வாழ்த்து! வந்தவர்களெல்லாம், "மோந்து பார்த்துட்டுத்தான் வாங்கணுமா?" என்று கேட்க, கடைக்காரர் முகம் போன போக்கைப் பார்த்துக் கத்திரிக்கு மானம் போயிற்று. அன்றைக்கு எடுத்த சபதம்: வாயில் ஒன்றுபோல ஒலிக்கிற எழுத்து வந்தால் கேட்காமல் மெஷினில் கை வைப்பதில்லை. யார் எந்த ஆர்டர் சொன்னாலும், "ரெண்டு சுழியா, மூணு சுழியா?" என்று கேட்டாள். பால்காரரிடம்கூடக் கேட்பாள் என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

வீட்டுக்காரர் ஒரு தகர டப்பாத் தொழிற்சாலையில் ஃபிட்டர். குளிர்காலம்தான் டப்பாவுக்கு மவுசு. மிட்டாய்க்காரனும் தேயிலைக்காரனும் வரிசையில் நிற்பார்கள். குளிர் விட்டதும் ஆர்டரும் விட்டுப்போகும். அப்போது தொழிற்சாலைக்கு ஒரு வாரம் விடுமுறை. போகும்போது ஆளுக்கொரு பரிசுப் பெட்டி. இந்த வருஷம் பெட்டியில் தொங்கவிட டேக் வேண்டும் என்று மேனேஜரே கத்திரிக்குப் போன் செய்தார். வெள்ளை அட்டை, நீலப் பேனா, மேலே பனிப்பூ, கீழே அவர் போனில் சொன்ன இரண்டு வரி. கத்திரிக்குத் தலைகால் புரியவில்லை. தன் வீட்டுக்காரர் வேலை செய்கிற இடம். அவர் கூட்டாளிகள் ஒவ்வொருவர் கையிலும் தன் வேலை இருக்கும்.

சாயங்காலம் எழுத்தை அமைக்க உட்கார்ந்தபோதுதான் முதல் வார்த்தையில் சந்தேகம் வந்தது. உடனே மேனேஜருக்குப் போன் போட்டாள்.

"சார், முதல் வார்த்தையில ரெண்டாவது எழுத்து... அது ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

அந்தப் பக்கம் ஏதோ தட்டச்சு செய்கிற ஒலி கேட்டது.

"மூணு சுழிம்மா" என்றார் மேனேஜர். "மூணு சுழி. வேலையா இருக்கேன், வச்சுடுறேன்."

ஆக, மெஷின் எழுதியது இது: 'பணிக்கால நிறைவு வாழ்த்துகள். இதுவரை உழைத்தமைக்கு நன்றி.' கத்திரிக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. சீசன் வேலை முடிகிறது, விடுமுறை வருகிறது, பணிக்காலம் நிறைவுதானே? மெஷின் பாட்டுக்கு எழுதியது, வெட்டியது. வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, டிவி பார்த்துக்கொண்டே அத்தனை டேக்குக்கும் ரிப்பன் கோத்தார். ஓட்டை அவர் கைக்குத் தெரிந்தால் போதாதா, எழுத்தை யார் பார்த்தார்கள்? தயாரானதும் தன் சாப்பாட்டுப் பையிலேயே வைத்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனதும் அவர்தான். அங்கே ஸ்டோர் பையன்கள் வாங்கிப் பெட்டிகளில் கட்டினார்கள்.

பெட்டி கொடுத்த நாளன்று மதியம், கத்திரி பாயில் ஒட்டியிருந்த நார்களைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த நேரத்துக்கு அவர் வருவதில்லை. எழுந்துபோய்ப் பார்த்தால், வீட்டுக்காரர் கதவுக்கு வெளியிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், பரிசுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். பேயறைந்த முகம் என்று சொல்வதை அவள் அன்றுதான் நேரில் பார்த்தாள்.

"என்னங்க? உடம்புக்கு என்ன?"

"வேலை போச்சு."

"என்னது?"

"எல்லாருக்கும் போச்சு. கடிதம் இல்ல, கூப்பிட்டுச் சொல்லல. பெட்டியில கட்டித் தொங்கவிட்டிருக்காங்க."

டேக்கைத் தூக்கிக் காட்டினார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய பனிப்பூ, அவளுடைய நீலப் பேனா, அவளுடைய ரிப்பன். அந்த இரண்டு வரியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஆனால் வேலை செய்கிற ஒருவர் கையில் வைத்துப் பார்த்தது இதுதான் முதல் முறை. பணிக்கால நிறைவு. இதுவரை உழைத்தமைக்கு நன்றி. இதை வேறு எப்படித்தான் படிக்க முடியும்?

"இது... இது நான் செஞ்சதுங்க."

"தெரியும். அங்க எல்லாருக்கும் தெரியும்." அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "உன் பொண்டாட்டிக்கு ஒரு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு, உனக்குத் தெரியாதான்னு கேட்டாங்க. நானே பையில வச்சுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கேன். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்டேன். ஏன் என்கிட்ட சொல்லல?"

கத்திரிக்கு அவர் வேலை போன அதிர்ச்சி ஒரு பக்கம். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதர் தன்னை இப்படிப் பார்த்த அதிர்ச்சி அதைவிடப் பெரிது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கையில் அந்த டேக் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே பனிப்பூ. பனிப்பூ எதற்கு? வேலையை விட்டு அனுப்புகிறவர்கள் பனிப்பூவா போடச் சொல்வார்கள்?

"என்னங்க!" என்று கத்தினாள். "இது பணி இல்லங்க, பனி! பனிக்கால நிறைவு! குளிர் முடியுதுல்ல? ரெண்டு சுழிங்க! தப்பா எழுதிட்டேன்!"

அவர் டேக்கை வாங்கிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நீதான் எல்லார்கிட்டயும் கேப்பியே. இவர்கிட்ட கேக்கலயா?"

"கேட்டேன். மூணுன்னுதான் சொன்னார்."

"அப்போ தப்பு அவரோடது."

"அதை அவர் மூஞ்சிக்கு நேரா யார் சொல்றது? நீங்க அங்க வேலை பார்க்கணும். என் தப்பாவே இருக்கட்டும். வேலை இருக்குல்ல, அது போதும்."

மேனேஜருக்குப் போன் போட்டார்கள். அணைத்து வைத்திருந்தார். வீட்டுக்காரர் அப்போதுதான் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கேட்கிற ஆளும் இல்லை. பாயை எடுத்து, பசை போன ஓரங்களைத் துடைத்து, அவள் முன்னால் வைத்தார். "என்ன செய்யணும்னு சொல்லு" என்றார்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். கத்திரி ஒட்டுத்தாளில், பொட்டு அளவுக்கு வெள்ளை வட்டங்களாக, ஒவ்வொன்றிலும் 'னி' என்று நீலத்தில் எழுதி வெட்டினாள். டேக்கிலிருக்கிற 'ணி'யின் மேல் ஒட்டினால் சரியாக மூடிவிடும். இருட்டுவதற்குள் ஒரு டப்பா நிறைய 'னி' சேர்ந்துவிட்டது. ஒன்றை எடுத்து வீட்டுக்காரர் தன் டேக்கில் ஒட்டிப் பார்த்தார். பனிக்கால நிறைவு வாழ்த்துகள். இதுவரை உழைத்தமைக்கு நன்றி. அடேயப்பா, ஒரு சுழி குறைந்ததும் வரி முழுக்கச் சிரிக்கிறதே!

மறுநாள் விடுமுறை. ஆனால் நியாயம் கேட்கத் தொழிற்சாலை வாசலில் அத்தனை பேரும் நின்றார்கள். சிலர் வீட்டாரையும் கூட்டி வந்திருந்தார்கள். கேட்டுக்கு உள்ளே அலுவலக அறையில் மட்டும் விளக்கு எரிந்தது, கதவு சாத்தியிருந்தது. வீட்டுக்காரரைப் பார்த்ததும் கூட்டத்தில் பேச்சு நின்றது. "வந்துட்டார்டா, எல்லாம் தெரிஞ்சவர்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் காது மடல் சிவந்ததைக் கத்திரி பார்த்தாள். பார்த்த வேகத்தில் கேட்டுக் கம்பி மேல் ஒரு காலை வைத்து ஏறி நின்றுவிட்டாள்.

"எல்லாரும் கேளுங்க! அவருக்கு ஒண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது. யாருக்கும் வேலை போகல. நான் ஒரு சுழியை அதிகமாப் போட்டுட்டேன். அது பனிக்காலம்! குளிர் முடியுதுன்னு வாழ்த்து! மேல பனிப்பூ இருக்கு பாருங்க!"

சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற நெட்டையன் சட்டைப் பையிலிருந்து தன் டேக்கை எடுத்துப் பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான். அவன் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"அண்ணி! ஒரு சுழியில எங்க குடியையே கெடுக்கப் பார்த்தீங்களே!"

அவ்வளவுதான், வாசல் முழுக்கச் சிரிப்பு. நேற்று பெட்டியை உதைத்தவன் ஒருவன், டேக்கைக் கிழித்துப் போட்டவன் ஒருவன், இரண்டு பேரும் தலையைச் சொறிந்தார்கள். "எங்க வாத்தியார் அன்னிக்கே சொன்னார், சுழி தப்பினா வாழ்க்கை தப்பும்னு" என்றார் ஒரு பெரியவர். அப்படி எந்த வாத்தியாரும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அந்த நேரத்துக்கு எல்லாருக்கும் அது வேண்டியிருந்தது. டப்பாவைத் திறந்து கத்திரி ஆளுக்கொரு 'னி' கொடுத்தாள். கேட்டின் மேலும், மதில் மேலும், ஒருவர் முதுகின் மேல் ஒருவரும் டேக்கை வைத்து ஒட்டினார்கள். வீட்டுக்காரர் தோளில் நாலு பேர் கை போட்டார்கள். நெட்டையன் மனைவிக்குப் போன் போட்டான், அவள் எடுக்கவில்லை. "நேத்திலருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல அண்ணி. எட்டு மாசம் வேற" என்றவன், போனை வாய்க்கு அருகில் வைத்துக் குரலைப் பதிவு செய்து அனுப்பினான்: "ஏய், வேலை இருக்குடீ! அண்ணன் வீட்டு அக்கா தப்பா எழுதிட்டாங்களாம். எந்திரிச்சுச் சாப்பிடு!"

கத்திரிக்குக் கண் கலங்கியது. தப்பு செய்து இவ்வளவு நல்ல பெயர் வாங்கிய ஆள் இந்த உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

சத்தம் கேட்டு அலுவலகக் கதவு திறந்தது. மேனேஜர் வந்தார். சவரம் செய்யாத முகம், நேற்றைய சட்டை. கேட்டைத் திறக்காமல் கம்பிகளுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

கத்திரி முந்திக்கொண்டாள். "சார், மன்னிச்சுடுங்க சார். நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க, என் காதுதான் சரியில்ல. இதோ, எல்லாருக்கும் ஒட்டிட்டேன். இன்னும் நாலஞ்சு பேர்தான் பாக்கி."

மேனேஜர் அவள் நீட்டிய ஒட்டுத்தாளைப் பார்த்தார். கம்பி வழியாகக் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். திருப்பித் தரவில்லை.

"ஒட்டாதீங்கம்மா" என்றார்.

"ஏன் சார்?"

"நீங்க தப்பாக் கேக்கல. மூணு சுழின்னு நான்தான் சொன்னேன்." கையிலிருந்த ஒட்டுத்தாளை மடித்தார். "டேக்ல வரவேண்டியது ரெண்டு சுழிதான். ஆனா நீங்க போன் பண்ணின நேரத்துல நான் வேற ஒண்ணு தட்டச்சு பண்ணிட்டிருந்தேன். பக்கம் பூரா பணி, பணின்னே இருந்துச்சு. நீங்க கேட்டதும் வாயில அதுவே வந்துடுச்சு."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளையோடு குளமே கெட்டது.

"வேற ஒண்ணுன்னா என்ன சார்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே பதில் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று கத்திரிக்குப் புரிந்தது.

"நோட்டீஸ். லீவு முடிஞ்சு நீங்க வர்ற அன்னிக்குக் கேட்ல ஒட்டச் சொன்னாங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னாங்க. கம்பெனியை மூடுறாங்க. மெஷினெல்லாம் வித்தாச்சு." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என் பேரும் அதுல இருக்கு."

எல்லாரும் நின்ற இடத்தில் நின்றார்கள். ஒருவர் மட்டும், தான் ஒட்டிய 'னி'யை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். நல்ல பசை, வரவில்லை. கத்திரி இவர்களுக்குக் கொடுத்தது ஒரு காலை நேரத்துச் சிரிப்பு. அதைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். நேற்றே அழுது முடித்தவர்களை இன்று புதிதாக அழவைத்துவிட்டாளே, பாவி! வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. சாத்தியிருந்த கேட்டின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நெட்டையனின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். மனைவி. அடித்துக்கொண்டே இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டான், ஆனால் காதில் வைக்க அவன் கை மேலே போகவில்லை. உள்ளங்கையில் வைத்தபடியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கத்திரியிடம் நீட்டினான்.

"என்னால முடியல அண்ணி" என்றான். "வேலை இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க. நீங்களே பேசுங்க."

வாங்கிக் காதில் வைத்தாள்.

"அக்காவா? அக்கா, நேத்து உங்களை என்னென்னமோ திட்டிட்டேன்க்கா, மனசுல வச்சுக்காதீங்க" என்றது அந்தப் பக்கத்துக் குரல். மூச்சு வாங்கியது, ஆனால் சிரிப்பும் இருந்தது. "இவர் அனுப்பினதைக் கேட்டதும்தான் எந்திரிச்சேன். இப்போதான் அடுப்பே பத்தவச்சேன். நிஜமாவா அக்கா? உங்க வாயால ஒருதடவை சொல்லுங்களேன்."

கத்திரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சொல்றேம்மா" என்றாள். "அடுப்பை அணைச்சுட்டு, முதல்ல நீ ஒரு இடத்துல உக்காரு."